கூடைக்கு அடியில் ஒரு விவாகரத்து

செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணை மூடும்போது ஹார்லன் பிக்கெட்டுக்கு ஒரே ஒரு மனைவிதான். புதன்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் இரண்டு.

"செத்த பிறகு சம்சாரம் கூடினது இந்த ஊர்ல இவர் ஒருத்தருக்குத்தான்" என்றான் துப்பறியும் உதவியாளன் டூயி ஸ்ப்ராட்.

சொன்ன பிறகுதான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இறந்தவரின் மகள் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகப் பார்ப்பவன்போல் திரும்பிக்கொண்டான். வெல்டன் என்ற அந்தச் சின்ன ஊரில், முடி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ரோவீனா கீசர் அவனைத் திட்டவில்லை. இருபத்தைந்து வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிவிட்டுத் துப்பறிய வந்தவள். பிறர் பேசும்போது குறுக்கே பேசாத பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லும்மா கார்லிஸ்."

கார்லிஸ் பிக்கெட்டுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட வாத்தியக் குழுவின் சிவப்புச் சட்டையிலேயே வந்திருந்தாள். அழுது முடித்த கண்கள். ஆனால் குரல் ஒரு வக்கீலுடையதைப் போல இருந்தது.

"அந்தம்மா பேரு ஒலீட்டா. அர்க்கான்சாஸ்ல இருந்து பஸ்ல வந்திருக்காங்க. ஆயிரத்தி தொள்ளாயிரத்தி ஐம்பத்தி ஒண்ணுல எங்கப்பாவைக் கட்டிக்கிட்டதுக்கு சர்ட்டிபிகேட் வெச்சிருக்காங்க. விவாகரத்தே நடக்கலைங்கறாங்க. அப்பா உடம்பை அவங்க ஊருக்குக் கொண்டு போகணுமாம். சவ அடக்க நிலையத்து ஃபெட்டிக் சார் கைய விரிச்சுட்டார். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள யார்கிட்ட சரியான பேப்பர் இருக்கோ அவங்ககிட்டதான் ஒப்படைப்பேன்னுட்டார்."

"உங்கம்மா ஐவா என்ன சொல்றாங்க?"

கார்லிஸ் முதல் தடவையாகத் தடுமாறினாள்.

"அதான் எனக்குப் புரியல மேடம். அம்மா சண்டையே போட மாட்டேங்கறாங்க. 'கொண்டு போறதுன்னா கொண்டு போகட்டும், விட்டுடு'ங்கறாங்க. பைத்தியம் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்காங்க. நேத்து நானே நம்ம கவுண்டி கோர்ட்டுக்குப் போனேன். பிக்கெட்ங்கற பேர்ல விவாகரத்து எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

ரோவீனா அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அந்த மாவட்டமான டமராக் கவுண்டி நீதிமன்றத்தின் முத்திரை. 'தேடியதில் பதிவு இல்லை.'

"அப்பாவும் அம்மாவும் எப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க?"

"எழுபத்தி ஒண்ணு நவம்பர் ஆறு. வரவேற்பறைல போட்டோ மாட்டியிருக்கு. கீழயே தேதி போட்டிருக்கும்."

"பழைய விவாகரத்து பத்தி அப்பா எப்பவாவது பேசியிருக்காரா?"

"ஒரே ஒரு ஜோக் அடிப்பார். 'கூடைப்பந்துக் கூடைக்கு அடியில நின்னு விவாகரத்து வாங்கினவன் இண்டியானாவுலயே நான் ஒருத்தன்தான்'னு. அதுக்கு மேல கேட்டா பேச்சை மாத்திடுவார்."

"நம்ம ஊர்க்காரங்க கூடைக்கு அடியில என்ன வேணா பண்ணுவாங்க. ஞானஸ்நானம்கூடப் பார்த்திருக்கேன்" என்றான் டூயி. "விவாகரத்து கொஞ்சம் அதிகம்தான்."

ரோவீனா சிரிக்கவில்லை. பென்சிலால் மேஜையை இரண்டு தட்டு தட்டினாள்.

"எழுபத்தி ஒண்ணுல உங்கப்பா எங்கே வேலை பார்த்தார்?"

"பாலம் கட்டற வேலை. ஹாக்லின் ஆத்துப் பாலம் வெள்ளத்துல போச்சு இல்ல, அதைத் திரும்பக் கட்டினாங்க. வாரம் பூரா அங்கேயே ரூம் எடுத்துத் தங்குவாராம்."

ரோவீனா எழுந்து மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.

"டூயி, கார் சாவி."

"மேடம், சாப்பாட்டு நேரம்…"

"கோர்ட்டை நாலு மணிக்குச் சாத்திடுவாங்க. உன் வயித்தை எப்ப வேணா திறந்துக்கலாம்."

*

ஹாக்லினுக்கு நாற்பது மைல். இரு பக்கமும் அறுவடை முடிந்த சோள வயல்கள். டூயி ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒரு ஜோக்கை நம்பி நாற்பது மைல் போறோமா?"

"ஜோக் அடிக்கறவன் இல்லாததைச் சொல்றதா இருந்தா, அழகா ஜோடிச்சுச் சொல்லுவான். இந்த ஆள் ஒரே வரியை இத்தனை வருஷமா மாத்தாம சொல்லியிருக்கார். அது ஜோக் இல்ல டூயி, சாட்சியம். விவாகரத்து எங்கே பதிவாகும்?"

"மனு போட்டவன் குடியிருக்கற கவுண்டில."

"அவர் எங்கே தங்கியிருந்தார்?"

"ஹாக்லின்ல. சரி. கூடை?"

"பாலத்தையே தூக்கிட்டுப் போன வெள்ளம், ஆத்தங்கரைல இருக்கற கோர்ட்டை விட்டு வெச்சிருக்குமா? ஜட்ஜ் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆகணும்? இண்டியானாவுல ஒரு ஊர்ல சர்ச் ஒழுகலாம், ஆஸ்பத்திரி ஒழுகலாம். பள்ளிக்கூடத்து கூடைப்பந்து அரங்கத்தை மட்டும் மேட்டுல, கோட்டை மாதிரி கட்டி வெச்சிருப்பாங்க."

 டூயி பெருமூச்சு விட்டான்.

"எனக்கு ரெண்டு விவாகரத்து ஆச்சு. ரெண்டும் சாதாரண கோர்ட்லதான். ஒண்ணையாவது கூடைக்கு அடியில வாங்கியிருக்கலாம்."

*

ஹாக்லின் கவுண்டி நீதிமன்றத்தின் மாடிப்படிச் சுவரில், டூயியின் மார்பு உயரத்தில் ஒரு பித்தளைக் கோடு பதித்திருந்தார்கள். 'வெள்ளம் இதுவரை. மார்ச் 1971.'

பதிவேட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு ஆள். லோவல் ஸ்டூக்கி என்று பெயர்ப் பலகை சொன்னது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். பட்டாம்பூச்சி டை. மேஜையில் பேனாக்கள் உயர வரிசைப்படி படுத்திருந்தன.

"விவாகரத்துத் தீர்ப்பு நகல் வேணும்" என்றாள் ரோவீனா.

"யார் வேணா கேக்கலாம். பொதுப் பதிவுதான்" என்று லோவல் ஒரு படிவத்தை நீட்டினார். "மனுதாரர் பேரு, எதிர்மனுதாரர் பேரு, வருஷம், வழக்கு எண்."

"வழக்கு எண் தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் சார் பசியோட வர்றோம்?" என்றான் டூயி.

"எண் இல்லைன்னா அட்டவணைப் புத்தகத்துல தேடணும். எந்த வருஷம்?"

"எழுபத்தி ஒண்ணு."

லோவலின் முகம் மலர்ந்தது. தெரிந்த கேள்வி வந்துவிட்ட பரீட்சை மாணவனின் மலர்ச்சி. இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

"அந்த வருஷத்துப் பதிவு எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. இந்தக் கடிதத்துல பேரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். இதுவரைக்கும் முப்பத்தி ஒரு பேருக்குக் கொடுத்திருக்கேன்."

அலமாரியில் தடித்த அட்டவணைப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. 1969. 1970. ஒரு விரல் அகல இடைவெளி. அப்புறம் 1972.

டூயி வாசல் பக்கம் திரும்பினான். ரோவீனா மட்டும் இனிப்பாகப் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகை வந்தால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

"வெள்ளம் எந்த மாசம் வந்துது சார்?"

"மார்ச். படிக்கட்டுல போட்டிருக்கே."

"எனக்கு வேண்டியது அந்த வருஷம் கடைசில நடந்த வழக்கு. மார்ச்சுல வந்த வெள்ளம், அக்டோபர், நவம்பர்ல எழுதப்போற பேப்பரை எப்படி எடுத்துட்டுப் போகும்? காத்திருந்து வாங்கிட்டுப் போச்சா?"

  லோவல் கையில் இருந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இதை யாருமே கேட்டதில்லையே" என்றார் பரிதாபமாக. "எனக்கு முன்னாடி இருந்தவர் வெள்ளத்துல போச்சுன்னு சொன்னார்…"

"நீங்க இந்த ஊர்தானா?"

"இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எழுபத்தி ஒண்ணுல உயர்நிலைப் பள்ளில படிச்சிட்டு இருந்தேன். மோசமான வருஷம் மேடம். எங்க டீமுக்கு ஒரு ஆட்டம்கூட உள்ளூர்ல இல்ல. எல்லாமே வெளியூர்ல."

"ஏன்?"

"அரங்கத்தைத்தான் கோர்ட்டுக்குக் கொடுத்துட்டாங்களே! ஜட்ஜ் ஒரு கூடைக்கு அடியில உட்காருவார். ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்போம்…"

அவர் அப்படியே நின்றுவிட்டார். காதோரம் சிவந்தது.

"மேல பரண்ல ஆறு மரப்பெட்டி இருக்கு. 'ஹாக்லின் உயர்நிலைப் பள்ளி'ன்னு எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்துச் சாமான் இங்கே இடத்தை அடைக்குதுன்னு வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போடறேன். எங்களது இல்லைன்னு அவங்களும் வருஷா வருஷம் பதில் போடறாங்க."

"நல்ல நட்பு" என்றான் டூயி. "ஏணி எங்கே சார் இருக்கு?"

*

பரணில் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மணி இரண்டே முக்கால்.

முதல் பெட்டியில் சாட்சிக் கூண்டின் துணி, ஒரு மரச் சுத்தியல், நடுவரின் விசில் ஒன்று. இரண்டாவதில் கார் மோதல் வழக்குகள். மூன்றாவதையும் நான்காவதையும் டூயி தூக்கி வைக்கும்போது அவன் இடுப்பில் ஏதோ 'டக்'கென்றது. ஐந்தாவதைத் திறந்ததும் லோவல் சின்னக் குழந்தைபோல் கத்தினார்.

"குடும்ப வழக்குகள்!"

பிக்கெட், ஹார்லன். எதிர், பிக்கெட், ஒலீட்டா.

ஈரம் படாத, எலி தொடாத மடிப்பு. ரோவீனா கைக்குட்டையால் தூசியைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். ஜூன் மாதம் மனு. மனைவியின் தற்போதைய முகவரி தெரியவில்லை என்று ஹார்லனின் உறுதிமொழி. அவள் கடைசியாக இருந்த ஊரின் பத்திரிகையில் மூன்று முறை வெளியான அறிவிப்பு. நவம்பர் இரண்டாம் தேதி விசாரணை. கடைசித் தாள், நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு.

"அவ்வளவுதான்! ஒலீட்டாம்மா அப்போ அந்த ஊரைவிட்டே போயிருந்திருக்காங்க. அறிவிப்பைப் பார்த்திருக்க மாட்டாங்க. அவங்க பொய் சொல்லல, ஆனா விவாகரத்து நிஜம். ஜெயிச்சாச்சு!" என்றான் டூயி. "வரும்போது சதுக்கத்துல ஒரு கடை பார்த்தேன் மேடம். தட்டை விடப் பெரிய பன்றிக்கறி வறுவல், ரொட்டிக்கு நடுவுல…"

 ரோவீனாவின் விரல் ஒரே இடத்தில் நின்றது.

"தீர்ப்புல தேதி என்ன போட்டிருக்கு, படி."

"நவம்பர் பதினஞ்சு, எழுபத்தி ஒண்ணு."

"கல்யாணப் போட்டோவுல?"

"நவம்பர் ஆ…" டூயி பாதியில் விழுங்கினான்.

புறா ஒன்று படபடவென்று சிறகடித்து அடங்கியது.

"விசாரணை ரெண்டாம் தேதி முடிஞ்சுது" என்றாள் ரோவீனா மெல்ல. "பாலம் கட்டற மனுஷன். ஜட்ஜ் தலையை ஆட்டினதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சிருக்கார். ஜட்ஜ் சாவகாசமாப் பதினஞ்சாம் தேதிதான் கையெழுத்துப் போட்டிருக்கார். நடுவுல இவர் போய் மோதிரம் மாத்திட்டு வந்துட்டார். லைசன்ஸ் கொடுத்தவங்களும் அத்தாட்சி கேக்கலை போல. சட்டப்படி அந்தக் கல்யாணம் செல்லாது."

"ரெண்டு சம்சாரம்னு வந்தோம். இப்போ ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு" என்றான் டூயி. அவனுக்கே அது சிரிப்பாக இல்லை. "பொண்ணு இருக்காளே மேடம்? கார்லிஸ் பேர்ல கேட்டா?"

"கேக்கலாம். ஏன் அம்மா பேர்ல கேக்காம உன் பேர்ல கேக்கறோம்னு அந்தப் பதினாறு வயசுப் பொண்ணுக்கு யார் சொல்றது? நீ சொல்றியா?"

 அந்தச் சிவப்புச் சட்டையும் வக்கீல் குரலும் டூயியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. 'வரவேற்பறைல போட்டோ மாட்டியிருக்கு' என்று எவ்வளவு நிமிர்ந்து சொன்னாள்!

லோவல் இருமினார். "மூடிடலாமா? மணி மூணேகால். நகல் வேணும்னா முத்திரை போட நேரம் ஆகும்."

ரோவீனா மடிப்பை மூடப் போனவள், அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்து நின்றாள். துருப்பிடித்த கம்பியில் குத்தியிருந்தது, தபால்தலை அளவில் ஒரு சீட்டு. பென்சில் எழுத்து. 'முத்திரை நகல் வழங்கப்பட்டது. ஹெச். பிக்கெட் நேரில். ஜூன் 3, 1974.'

"பழைய கிளார்க்குக்குப் பெட்டி எங்கேன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள். "டூயி, உன் விவாகரத்துத் தீர்ப்போட முத்திரை நகலை நீ எத்தனை தடவை வாங்கினே?"

"ஒரே தடவை. ரெண்டாவது கல்யாணத்துக்கு லைசன்ஸ் கேட்டப்போ, முதல் கல்யாணம் முடிஞ்சதுக்கு அத்தாட்சி எங்கேன்னாங்க."

"வேற எதுக்காவது வாங்கினியா?"

"வேற எதுக்கு? படுக்கைல வெச்சுப் படிக்கவா?"

"அதான் கேக்கறேன். நிம்மதியாக் குடும்பம் நடத்திட்டு இருந்த மனுஷன், மூணு வருஷம் கழிச்சு எதுக்கு வேலை மெனக்கெட்டு நகல் வாங்கிட்டுப் போனார்?"

டூயியின் கண்கள் விரிந்தன.

"மூணாவது ஒருத்தியா? ஐயோ மேடம், வேண்டாம். இந்தப் பெட்டியை மூடிடுவோம். நாளைக்குக் காலைல மூணு பேர் வந்து நின்னா ஃபெட்டிக் அந்தச் சவப்பெட்டியிலயே ஏறிப் படுத்துடுவார்!"

"ஸ்டூக்கி சார், கல்யாணப் பதிவு எந்த ஆபீஸ்ல?"

"எங்க ஆபீஸ்தான். கீழ, ஜன்னலோரம்" என்றார் லோவல். ஏணியில் முதலில் இறங்கியதும் அவர்தான். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் வேலை சுவாரசியமாக இருந்தது.

1974, ஜூன். பச்சை அட்டைப் புத்தகம். லோவல் விரலை எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். டூயி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ஜூன் நாலு" என்று படித்தார் லோவல். "மாப்பிள்ளை, ஹார்லன் பிக்கெட், பாலத் தொழிலாளி, விலாசம் ஆத்தங்கரை விடுதி. முந்தைய கல்யாணம் விவாகரத்துல முடிஞ்சது, அத்தாட்சி பார்த்தாச்சு. நீதிபதி முன்னிலைல கல்யாணம். பெண்…"

"மெதுவாச் சொல்லுங்க சார். எனக்கு வெறும் வயிறு."

"பெண், ஐவா மே டன்லப். ஊர், டமராக் கவுண்டி, வெல்டன்."

டூயி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"ஐவா? நம்ம ஐவாவா? கார்லிஸோட அம்மாவா?"

"அதே அம்மாதான்" என்றாள் ரோவீனா. முகத்தில் இப்போதுதான் ரத்தம் ஓடியது. "தேதியைப் பார்த்துட்டுத் தப்பு புரிஞ்சிருக்கு மனுஷனுக்கு. மறுநாளே அதே பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து, திரும்ப ஒரு தடவை கட்டியிருக்கார். ஸ்டூக்கி சார், ரெண்டுக்கும் முத்திரை போடுங்க."

லோவல் முத்திரை இயந்திரத்தை இரண்டு கையாலும் அழுத்தினார். தாளில் புடைத்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, மிச்சமிருந்த அச்சடித்த கடிதங்களை மொத்தமாக எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அந்த முப்பத்தி ஒரு பேரோட விலாசம் என்கிட்ட இருக்கு" என்றார். "திங்கக்கிழமை ஆரம்பிக்கறேன்."

*

"ஆனா ஒரு விஷயம் உதைக்குது மேடம்" என்றான் டூயி காரில். வாயில் ஒருவழியாகக் கறிவறுவல் இருந்தது. "பேப்பர் எங்கே இருக்குன்னு அந்த ஐவாம்மாவுக்குத் தெரியும். நேத்தே வாயைத் திறந்து சொல்லியிருந்தா ஒலீட்டா அப்பவே பஸ் ஏறியிருப்பாங்க. ஏன் வாயை மூடிட்டு இருந்தாங்க?"

"கார்லிஸுக்கு என்ன வயசு?"

"பதினாறு. அப்படின்னா பிறந்தது எழுபத்தி ரெண்டு…"

டூயி மெல்லுவதை நிறுத்தினான். செல்லாத கல்யாணத்துக்கும் செல்லுகிற கல்யாணத்துக்கும் நடுவில் வந்து பிறந்திருந்தாள் அந்தப் பெண்.



*

ஃபெட்டிக் சவ அடக்க நிலையத்தின் பின் வராந்தாவில் ஐவா பிக்கெட் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தேழு வயது, மெலிந்த கைகள். ரோவீனா நீட்டிய இரண்டு தாள்களையும் பார்த்ததும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என் பொண்ணு உங்ககிட்ட வந்தாளா?"

"வந்தா. அவகிட்ட இன்னும் எதுவும் சொல்லலை."

ஐவா மூச்சை விட்டாள். "சர்ச்சுல அவரைப் பொறுப்பாளரா எடுக்கறதுக்குப் பழைய விவாகரத்துப் பேப்பரைக் கேட்டாங்க. வாங்கிட்டு வந்தவர் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துது. மறுநாள் கால் மணி நேரத்துல கல்யாணம். குழந்தையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனோம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம். இது சின்ன ஊரு மேடம். இங்கே தேதியைக் கூட்டிக் கழிக்கறதுதான் பாதிப் பேருக்கு வேலை. நாளைக்கு அவ பள்ளிக்கூடத்துல எவனாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா?" அவள் குரல் கீச்சிட்டது. "அர்க்கான்சாஸ் என்ன, கல்லறையைப் போய்ப் பார்த்துட்டு வந்துக்கலாம். அதுக்காக வாயை மூடிக்கிட்டேன்."

"இது உங்க பேப்பர்" என்றாள் ரோவீனா. "யாருக்குக் காட்டணும், எப்போ காட்டணும், உங்க இஷ்டம். ஆனா ஒலீட்டா நியாயமாத்தான் கேக்கறாங்க. அவங்களுக்கு இது தெரியவே தெரியாது."

 ஐவா எழுந்து, தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். டூயியும் ரோவீனாவும் பின்னால் போனார்கள்.

ஒலீட்டா முன்னறை நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அறுபதை நெருங்கும் பருத்த பெண். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. ஃபெட்டிக் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றார்.

ஐவா தாள்களை நீட்ட, ஒலீட்டா முதலில் தீர்ப்பைப் படித்தாள். பத்திரிகை அறிவிப்பு பற்றிய வரி வந்ததும் உதடு கோணியது.

"நான் அந்த ஊரை விட்டு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டிருக்கான். என் அண்ணன் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன், கடங்காரன்" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "நாலு வயசுப் பையனைப் பறிகொடுத்தோம், நானும் அவனும். போலியோ. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள பேச்சு செத்துப்போச்சு. ஒருநாள் வேலை தேடிப் போறேன்னு போனான். பையன் பக்கத்துல இடம் காலியா இருக்கு. அங்கேயாவது வந்து படுக்கட்டுமேன்னுதான் வந்தேன்."

 அவள் இரண்டாவது தாளை எடுத்தாள். 1974 என்பதில் கண் நின்றது. நிமிர்ந்து ஐவாவைப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த மாலையைப் பார்த்தாள். அதில் 'அப்பாவுக்கு, கார்லிஸ்' என்று எழுதியிருந்தது. கைப்பையின் மேல் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவதை டூயி கண்ணால் பார்த்தான். எழுபத்தி இரண்டு. எழுபத்தி மூன்று. எழுபத்தி நாலு.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கார்லிஸ் வந்தாள்.

"மேடம்! உங்க காரை வாசல்ல பார்த்தேன். கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றாள் ரோவீனா.

"எங்கே? குடுங்க, நான் படிச்சுக் காட்டறேன் அவங்களுக்கு!" கார்லிஸ் நேராக ஒலீட்டாவிடம் போய்க் கையை நீட்டினாள். "விவாகரத்து நவம்பர் ஆறுக்கு முன்னாடிதானே ஆச்சு?"

ஐவா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டூயி ஏதாவது உளறிப் பேச்சை மாற்றப் பார்த்து ஓரடி முன்னால் வந்தான். 

ஒலீட்டா இரண்டு தாள்களையும் நிதானமாக மடித்தாள். நான்காக, எட்டாக. அதை கார்லிஸின் கையில் வைக்காமல், எட்டி ஐவாவின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினாள்.

"நான் படிச்சுட்டேன்டி பொண்ணே. எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். "உங்கம்மாதான் பொண்டாட்டி. முதல் நாள்ல இருந்து அவதான். நான்தான் தெரியாம வந்துட்டேன். ஃபெட்டிக், எங்கே கையெழுத்துப் போடணும்?"

கார்லிஸ் தாங்கள் ஜெயித்துவிட்டதைப் புரிந்துகொண்டாள். புரிந்ததும், வக்கீல் குரல் எங்கேயோ போய்விட்டது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தைபோல் தேம்பினாள்.

ஐவா அவள் தலைக்கு மேலாக ஒலீட்டாவைப் பார்த்தாள். சொல்ல வந்தது ஒன்று, சொன்னது வேறு.

"அவர் பர்ஸ்ல ஒரு போட்டோ எப்பவும் இருக்கும். மரக் குதிரை மேல ஒரு பையன். யாருன்னு நான் கேட்டதே இல்ல. ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. நாளைக்கு அதை அவர் சட்டைப் பையிலயே வெச்சு அனுப்பலாம்னு இருந்தேன். உங்களுக்கு வேணும்னா…"

ஒலீட்டா தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம். அவன்கிட்டயே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த மாதிரி ஆச்சு."

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அடக்கம்?"

"பதினொண்ணுக்கு. இருப்பீங்க இல்ல?" என்றாள் ஐவா.

"இருக்கலாம். அவனைத் தூக்கிட்டு அன்னிக்கே திரும்பற எண்ணத்துல வந்தேன். கறுப்புச் செருப்புகூட எடுத்துட்டு வரலை."

ஐவா குனிந்து அவள் கால்களைப் பார்த்தாள்.

"என்ன அளவு?"

"ஏழரை."

"எனக்கும் ஏழரைதான்."

ஒலீட்டா ஐவாவைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். அந்த முகத்தில் இரண்டு நாளில் முதல் முறையாக ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

"பாவி மனுஷன்" என்றாள். "கடைசி வரைக்கும் அளவை மாத்தவே இல்ல பாரு."